கறுப்பு வெள்ளைப் படத்துக்கு பிரிண்டர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

என் பாட்டியின் படம் ஒன்றை அச்சிட்டேன். வெள்ளைச் சேலை, பின்னால் இருட்டில் ஒரு தூண், நெற்றியில் சுருக்கங்கள். இரவு பல்பு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தால், கன்னத்து நிழலில் பச்சை படிந்திருக்கிறது. அப்போது என்னிடம் இருந்தது சாதாரண நான்கு மை பிரிண்டர். மை கூடுதலாக உள்ளதை வாங்கினால் சரியாகிவிடும் என்று பலரைப்போல நானும் நினைத்தேன்.

மொத்தம் எத்தனை மை என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது. அதில் கறுப்பும் சாம்பலும் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரே ஒரு கறுப்பு மையை வைத்துக்கொண்டு பிரிண்டர் வெளிர் சாம்பலைக் காட்ட இரண்டு வழிதான் உண்டு. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். முகத்தில் மணல் தூவியதுபோல் இருக்கும். இல்லையென்றால் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலக்கலாம்; கலவை கொஞ்சம் பிசகினாலும் சாயல் ஏறிவிடும், வெளிச்சம் மாறினால் அந்தச் சாயலும் மாறும். பாட்டியின் கன்னத்தில் நடந்தது இதுதான்.

எப்சன் எல்8050-இல் ஆறு மை உண்டு, ஆனால் கறுப்பு ஒன்றுதான். மற்றவை எல்லாம் வண்ணப் படத்துக்கானவை. 2020-இல் வந்த எப்சன் பி700, பி900 இரண்டிலும் உள்ள 10 மையில் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக், கிரே, லைட் கிரே என்று நான்கு நமக்கானவை. கேனன் ப்ரோ-1000-இன் 12 மையிலும் அப்படியே நான்கு. அவ்வளவு பணம் போட முடியாதவர்கள் கேனன் ஜி570 போல, ஒரு சாம்பல் மையாவது உள்ள டேங்க் பிரிண்டரை (புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் வகை) பார்க்கலாம்.

சரி, சாம்பல் மை வந்துவிட்டது. அப்புறமும் பலர் வழக்கமான வண்ண அமைப்பிலேயே அச்சிடுகிறார்கள். எப்சனின் உயர்ரக மாடல்களில் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ என்று தனி அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் படம் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளாலேயே உருவாகும். வண்ண மை துளித்துளிதான் சேரும்.

பழைய பிரிண்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: மேட் பிளாக்கும் ஃபோட்டோ பிளாக்கும் ஒரே பாதையைப் பகிர்கின்றனவா? பளபளப்புத் தாளுக்கு ஃபோட்டோ பிளாக், பளபளப்பில்லாத பருத்தித் தாளுக்கு மேட் பிளாக். எப்சன் பி800-இல் தாளை மாற்றி மற்ற கறுப்புக்குப் போகும்போதெல்லாம் குழாயைக் கழுவவே மை செலவாகும். பி900-இல் அந்தத் தொல்லை இல்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் 5760 டிபிஐ போன்ற எண்களில் மயங்க வேண்டாம். அது மைத்துளி விழும் நெருக்கம். உங்கள் கோப்பு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும்.

மை விலையைக் கேட்காமல் வாங்குவதும் பெரிய தவறு. பி700-இன் கார்ட்ரிட்ஜ் 25 மில்லி, பி900-க்கு 50 மில்லி. சுத்தம் செய்யும்போது வழியும் மை சேரும் பெட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மாதத்துக்கு ஒரு படம்தான் அச்சிடுவேன் என்றால் நன்றாக யோசித்து வாங்குங்கள். சும்மா கிடந்தால் மையைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், நுண்துகள் கலந்த பிக்மென்ட் மையில் இன்னும் சீக்கிரமாக. வாரம் ஒரு தாளாவது ஓட்டுங்கள். அணைக்கும்போது சுவர் சுவிட்சைத் தட்டாமல், பிரிண்டரின் பொத்தானையே அழுத்துங்கள். ஹெட் ஓரமாகப் போய் மூடிமேல் உட்காரும் சத்தம் கேட்ட பிறகுதான் சுவர் சுவிட்சைத் தொட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் ஹெட் திறந்தபடியே காயும்.

கடைக்குப் போகும்போது அவர்கள் காட்டும் சூரியகாந்தித் தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் படத்தை பென்டிரைவில் கொண்டுபோங்கள். கூடவே வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 படிகள் கொண்ட ஒரு பட்டையும் இருக்கட்டும். அச்சிட்டதை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு நாள் காயவிட்டு, பல்பு அடியிலும் ஜன்னலோரத்திலும் பாருங்கள். நான் இன்றும் பாட்டி படத்தைத்தான் கொண்டுபோகிறேன். சேலையின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தூண் இருட்டில் கரைந்துவிடக் கூடாது, கன்னத்தில் பச்சை இருக்கவே கூடாது.