பழைய சொக்ஸ் ஒண்டை வச்சுச் சின்னாக்களுக்குப் படிப்பிக்கிறது எப்பிடி

பிள்ளையள் போனில பாக்கிற பாட்டு, காட்டூன் எல்லாமே கூடாதெண்டு நான் சொல்லேல்லை. ஆனா விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில கன வருசமா ரீச்சரா இருக்கிறபடியா ஒண்டைக் காணுறன், நிறங்களெல்லாம் இங்கிலீசில சொல்லுற பிள்ளை முத்தத்தில நிக்கிற மரம் பாலையா வீரையா எண்டு கேட்டா முழிக்குது, நேற்றுவரைக்கும் கதிரை எண்ட பிள்ளை இண்டைக்கு நாற்காலி எண்டுது. காட்டூன் கதைக்கிற தமிழைத்தானே அது பிடிக்கும், பிள்ளையில பிழையில்லை. அதால நான் என்ன செய்தனானெண்டால், அந்த ரீவி நிகழ்ச்சியள் பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கிற விதத்தைப் பாத்து, அதையே ஒரு சொக்ஸ் பொம்மையோட எங்கட கதையில செய்யத் தொடங்கினனான். காசும் தேவையில்லை கரண்டும் தேவையில்லை, வீட்டில நீங்களும் செய்யலாம்.

முதல் பொம்மையைச் செய்வம். பள்ளிக்கூடச் சொக்ஸ் பழசு ஒண்டு, கொஞ்சம் தடிப்பா இருந்தா நல்லம். கையை உள்ள விட்டு நாலு விரலையும் நுனிப்பக்கம் தள்ளுங்கோ, பெருவிரல் குதிப்பக்கம் இருக்கட்டும், ரெண்டுக்கும் நடுவில வாற இடத்தை உள்ளுக்க அமத்தினா அதுதான் வாய். அந்த வாய்க்க ஒரு மட்டையை முட்டை வடிவா வெட்டி நடுவால மடிச்சு ஒட்டி, மேல சிவப்புத் துணி ஒண்டு தைச்சு விடுங்கோ. கண்ணுக்குச் சட்டைத் தெறி ரெண்டு. தயவுசெய்து ஒட்டாதேங்கோ, தையுங்கோ, ஒட்டினது கழண்டு விழுந்தா நேர பிள்ளையின்ட வாய்க்கதான் போகும். கண் ரெண்டையும் கிட்டக் கிட்ட வையுங்கோ, அப்பதான் பொம்மை எங்க பாக்குதெண்டு பிள்ளைக்கு விளங்கும். தலைமயிருக்குப் பனங்கொட்டைத் தும்பு காணும். எங்கட அம்மம்மாக்கள் சூப்பின பனங்கொட்டையைக் கழுவிக் காயவச்சுத் தும்பை இழுத்துவிட்டு முகம் கீறித்தானே விளையாடினவை, பொம்மை எங்களுக்குப் புதுசில்லை.

இனி வாய் அசைக்கிறது, இதில கனபேர் பிழை விடுறவை. நாங்கள் கதைக்கேக்க கீழ்த்தாடைதானே அசையுது, அது மாதிரிப் பெருவிரலைத்தான் கீழ இறக்கோணும், மேல் விரலைத் தூக்கினா ஒவ்வொரு சொல்லுக்கும் பொம்மையின்ட தலை வானத்தைப் பாக்கும். எங்கட பொம்மையின்ட பேரைக் கெக்-க-ரி எண்டு சொல்லேக்க மூண்டு தரம் வாய் திறக்கோணும், மூடினபடி சொல் முடியோணும். கண்ணாடிக்கு முன்னால ரெண்டு மூண்டு நாள் பழகுங்கோ. குரலைப் பெரிசா மாத்தத் தேவையில்லை, தொண்டை நோகாத மாதிரி ஒரு குரல், ஆனா எண்டைக்கும் அதே குரல்.

திரை கட்டோணுமோ எண்டு கேப்பியள். தேவையில்லை. இதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவில செசமி ஸ்ட்ரீட் எண்ட நிகழ்ச்சி 1969 நவம்பர் 10ஆம் திகதி தொடங்கினது, ஜோன் கான்ஸ் கூனி எண்ட அம்மாவும் ஆக்களும் தொடங்கினவை, பொம்மையள் ஜிம் ஹென்சனின்ட. தொடங்க முதல் அவைக்கு ஆலோசனை சொன்னவை, பொம்மையையும் ஆக்களையும் ஒண்டா காட்டாதேங்கோ, பிள்ளையள் குழம்பும் எண்டு சொல்லியிருக்கினம். அப்பிடியே எடுத்துப் பிள்ளையளுக்குப் போட்டுப் பாத்தா, பெரியாக்கள் மட்டும் கதைக்கிற இடத்தில பிள்ளையள் ரீவியை விட்டிட்டு வேற பக்கம் பாக்குதுகள். அதுக்குப் பிறகுதான் பிக் பேர்ட் எண்ட பெரிய மஞ்சள் குருவியைச் செய்து ஆக்களோடயே தெருவில நடக்க விட்டவை. அதால நீங்களும் ஒளிக்கவேண்டாம், பிள்ளைக்குப் பக்கத்தில பாயில இருந்து கையில பொம்மையோட கதையுங்கோ. பிள்ளை உங்கட வாயைப் பாக்காது, நீங்கள் பொம்மையைப் பாத்தீங்களெண்டா அதுவும் பொம்மையைத்தான் பாக்கும்.

பொம்மைக்கு ஒரு குணம் வேணும். எங்கட ஆளுக்குக் கெக்கரி எண்டு பேர், வெள்ளரிக்காய் மாதிரிப் பச்சைச் சொக்ஸ் எண்டபடியா. கெக்கரிக்குப் பிள்ளையளை விடக் குறையத்தான் தெரியும், நான் கண்ட பெரிய விசயம் இதுதான். ரீச்சர் மாதிரிக் கதைக்கிற பொம்மையைப் பிள்ளை ரெண்டாம் நாளே விட்டிடும். "இது மாடுதானே?" எண்டு கெக்கரி மயிலைக் காட்டிக் கேட்டா, வகுப்பில வாயே திறக்காத பிள்ளையும் எழும்பி "இல்லை, மயில்" எண்டு சொல்லும். கெக்கரியைப் பாத்துச் சிரிக்கலாம், ஆனா ஒருத்தரும் அதை மொக்கு எண்டு சொல்லக்கூடாது, தெரியாட்டிக் கேக்கிறது வெக்கமில்லை எண்டு பிள்ளை அதில இருந்துதான் பழகுது.

கேட்டாப் பிறகு பொறுங்கோ. இது எனக்கே பழக வருசம் எடுத்தது, ரெண்டு விநாடியில நானே விடையைச் சொல்லிப்போடுவன். 1996இல வந்த புளூஸ் குளூஸ் எண்ட நிகழ்ச்சியில ரீவிக்குள்ள நிக்கிற ஆள் ஒரு கேள்வியைக் கேட்டிட்டுச் சும்மா பாத்துக்கொண்டு நிப்பார், வீட்டில இருக்கிற பிள்ளை கத்திச் சொல்லும்வரைக்கும். அதில இன்னொண்டு, திங்கள் போட்டதையே வெள்ளிவரைக்கும் அஞ்சு நாளும் போட்டவை. எங்களுக்குத்தான் அலுப்பு, பிள்ளைக்கு மூண்டாம் நாள் விடை தெரியும், அஞ்சாம் நாள் அது கெக்கரிக்குப் படிப்பிக்கும். அதால கிழமைக்கு ஒரு கதை காணும், பத்து நிமிசத்துக்கு மேல போகவேண்டாம்.

எழுத்துக்கு ஒரு வழி. செசமி ஸ்ட்ரீட்டில விளம்பரம் மாதிரி எழுத்தைக் காட்டுவினம், இண்டைக்கு நிகழ்ச்சியைத் தாறது இன்ன எழுத்து எண்டு. நானும் "இண்டைக்கு கெக்கரியின்ட கதையைத் தாறது ம" எண்டு தொடங்குவன். மயில், மரம், மண்வெட்டி, மழை. படம் தேடவேண்டாம், வெளிய கூட்டிக்கொண்டு போனாக் காணும்.

பாட்டுக்குப் புது மெட்டு தேடி அலையாதேங்கோ, அரிவிச்சிந்து குருவிச்சிந்து எண்டு வயலில பெரியாக்கள் பாடின மெட்டுகள் எங்களிட்ட இருக்கு, தெரிஞ்ச ஒரு அப்பு இருந்தா முன்பள்ளிக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கோ. சொல்லு மட்டும் நீங்கள் போடுங்கோ, நான் போட்டது இது:

ஒரு கச்சான் உடைச்சா ரெண்டு பருப்பு
ரெண்டு கச்சான் உடைச்சா நாலு பருப்பு
மூண்டு கச்சான் உடைச்சா...

அதில நிப்பாட்டிப் பொறுக்கோணும். ஒருநாள் ஒரு பெடியன் தன்ர கச்சானில மூண்டு பருப்பு இருக்கெண்டு கொண்டு வந்து காட்டினான், அண்டைக்கு முழுக்க அந்த மூண்டைப் பற்றித்தான் பாடம், எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனா சின்னாக்கள் கையில முழுக் கச்சானைக் குடுத்திட்டு அங்கால போகாதேங்கோ, புரைக்கேறும்.

நல்லா வருதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்? செசமி ஸ்ட்ரீட்காரர் ரீவிக்குப் பக்கத்தில இன்னொரு திரை வச்சு 7.5 விநாடிக்கு ஒரு படம் மாத்தி, பிள்ளை எப்ப ரீவியை விட்டிட்டு அங்கால பாக்குதெண்டு குறிச்சவை. நீங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சியை ஒரு மூலையில இருத்தி, பிள்ளையள் எந்த இடத்தில ஆட்டுக்குட்டியைப் பாக்கத் திரும்புதுகளெண்டு ஒரு கொப்பியில குறிக்கச் சொல்லுங்கோ. அந்த இடத்தை அடுத்த முறை வெட்டுங்கோ, பிள்ளையைப் பேசாதேங்கோ.

இனிச் சொல்லப்போறது கஸ்டமானது, ஆனா எங்கட பக்கத்தில சொல்லாம விட ஏலாது. மாலை போட்ட படம் தொங்காத வீடு இங்க குறைவு. 2009இல சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை "இந்த மாமா எங்க?" எண்டு கேக்குது, நாங்கள் வெளிநாட்டில எண்டுறம், நித்திரை எண்டுறம். பிறகு அந்தப் பிள்ளை நித்திரைக்குப் போகப் பயப்பிடுது. செசமி ஸ்ட்ரீட்டில கடைக்காரர் ஹூப்பரா நடிச்ச வில் லீ 1982 டிசம்பரில செத்துப்போனார். அவருக்குப் பதிலா வேற ஆளைப் போடேல்லை, 1983 நவம்பர் 24 அண்டு அதையே காட்டினவை. பிக் பேர்ட் தான் கீறின படத்தைக் குடுக்க அவரைத் தேடுது, பெரியாக்கள் அவர் செத்திட்டார், இனி வரமாட்டார் எண்டு நேர சொல்லினம். அவையின்ட கண்ணிலயும் கண்ணீர்.

நானும் அப்பிடித்தான் செய்யிறன். கெக்கரி தன்ர அம்மம்மாவைத் தேடும், நான் "அம்மம்மா செத்திட்டா, இனி வரமாட்டா, எனக்கும் கவலைதான்" எண்டு சொல்லுவன். "அப்ப எனக்கு ஆர் கதை சொல்லுறது?" எண்டு கெக்கரி கேக்கும். அதுக்கு நான் மறுமொழி சொல்லுறேல்லை, பிள்ளையள் சொல்லும். இதைச் செய்ய முதல் தாய் தேப்பனோட கதையுங்கோ, அண்மையில ஆரையும் இழந்த பிள்ளை இருந்தா அந்தக் கிழமை வேண்டாம். பிள்ளை அழுதா நிப்பாட்டி மடியில வச்சிருங்கோ. பொம்மையிட்டத் தனியக் கதைக்கோணுமெண்டு கேட்டா விடுங்கோ, நீங்கள் குரல் குடுக்காம தலையை மட்டும் ஆட்டுங்கோ.

போன் காட்டுறதெண்டா பக்கத்தில இருந்து பாருங்கோ, நடுவில நிப்பாட்டி "எங்கட வீட்டில இது எங்க இருக்கு?" எண்டு கேளுங்கோ. 2 வயசுக்குக் கீழ திரையே வேண்டாம், 2இல இருந்து 4 வயசுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகக்கூடாதெண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொல்லியிருக்கு.

கடைசியா, பொம்மையை மேசையில சும்மா போட்டிட்டுப் போகாதேங்கோ. வெறுஞ் சொக்ஸாக் கிடக்கிறதைக் கண்ட ஒரு பிள்ளை என்னட்ட ஓடிவந்து கெக்கரிக்கு என்ன நடந்ததெண்டு அழுதது. இப்ப கதை முடிய அது எல்லாருக்கும் போட்டுவாறன் சொல்லி, ஒரு பனையோலைப் பெட்டிக்குள்ள போய்ப் படுக்கும், மூடியைப் பிள்ளையள்தான் மூடுறவை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தோய்ச்சுக் காயப்போடுவன், அதுவும் பிள்ளையள் வீட்ட போனாப் பிறகுதான்.