சிப்பிப்பாறை கிராஸ் நாயைச் சென்னையில் வளர்ப்பது எப்படி

எங்கள் செம்பிக்கு நாலு வயது. அம்மா கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை, அப்பா அந்த ஊர்த் தெருநாய். காலையில் திருவான்மியூர் வீட்டிலிருந்து என்னோடு குட்டியானை வண்டியில் ஏறி ஈசிஆரில் இருக்கும் எங்கள் செடி நர்சரிக்கு வருவாள், சாயங்காலம் வரை அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது. அவளைப் பார்த்துவிட்டு “இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமா?” என்று செடி வாங்க வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் கீழே எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள். மூக்கைத் தரையில் வைத்துத் தேடுகிற வேலையே கிடையாது, தூரத்தில் ஒன்று ஓடினால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. நன்றாகப் பழக்கிவிட்டேன், என் நாய் அப்படிப் போகாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கிராஸ் என்பதால் இது குறைந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். செம்பிக்குத் தெருநாயின் சாமர்த்தியமும் வந்திருக்கிறது, சிப்பிப்பாறையின் கண்ணும் அப்படியே வந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம், அவள் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்ப்பது. பாய்வதற்கு ஒரு நொடி முன்னால் செம்பியின் வால் அசைவு நின்றுவிடும், பின்னால் மடங்கியிருந்த காது நெட்டுக்குத்தாக எழும், ஒரு முன்னங்கால் தரையிலிருந்து மெதுவாக மேலே வரும். அந்த நொடியில் விசில் ஊதினால் திரும்புவாள், அடுத்த நொடியில் ஊதினால் திரும்ப மாட்டாள். விசிலை வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் முன் ஒரே மாதிரி ஒரு ஊதல், உடனே தட்டு. மூன்று வாரம் கழித்து வேலி போட்ட இடத்தில் நீளக் கயிறு கட்டி, வந்தால் வேகவைத்த கோழி ஈரல். விசில் ஊதிக் கூப்பிட்டுவிட்டுத் திட்டவே கூடாது, குளிப்பாட்டவும் கூடாது.

கழுத்து பெல்ட் விஷயத்தில் நான் ஒரு தரம் பயந்து நடுங்கியிருக்கிறேன். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தடிப்பு. காமராஜர் நகர் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் செம்பி பின்னால் நெளிந்தாள், சாதா பெல்ட் காதைத் தாண்டிக் கழன்று என் கையில் வெறும் செயின் தொங்கியது. நல்ல வேளையாக ஒரு வீட்டு கேட்டுக்குள் ஓடி நின்றாள். அன்றிலிருந்து இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற, அகலமான மார்ட்டிங்கேல் பெல்ட்தான். இழுக்க இழுக்க நீளும் லீஷ் வேண்டவே வேண்டாம். சில தாவலிலேயே முழு வேகம் பிடித்துவிடும் நாய் அந்தக் கயிற்றின் முனையில் போய் முட்டினால் அதன் கழுத்தும் உங்கள் தோளும் என்ன ஆகும்?

“எத்தனை கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போக வேண்டும்?” என்பது அடிக்கடி வரும் கேள்வி. தூரத்தைவிட வேகம்தான் முக்கியம். நாளுக்கு இரண்டு தரம், பத்துப் பத்து நிமிடம், உயிரைக் கொடுத்து ஓட ஓர் இடம் வேண்டும். அது கிடைத்துவிட்டால் மீதி நேரம் பூனை மாதிரி தூங்கும், கிடைக்காவிட்டால் சோபா பஞ்சு வெளியே வரும். நான் ஒரு மூங்கில் கழியில் ஆறடி நைலான் கயிறு கட்டி, நுனியில் பழைய துணியை முடிந்து, நர்சரியின் பின்பக்கம் அகலமான வட்டமாகச் சுற்றுவேன். முதல் ஐந்து நிமிடம் நடை, அப்புறம் ஓட்டம், கடைசியில் துணியை அவள் பிடிக்க விட வேண்டும், இல்லையென்றால் மனசு அடங்காது. ஒரு வயது ஆகும் வரை சடாரென்று திருப்புவதும் தாவ வைப்பதும் கூடாது, மூட்டு இன்னும் முற்றியிருக்காது. வேலி ஆறடிக்குக் குறைந்தால் அதை வேலி என்று எண்ணாதீர்கள்.

கடற்கரை இருக்கிறதே என்பீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 1988லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள், அங்கே நம் நாய் போய்க் குழி தோண்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதங்களில் கரையில் லீஷ் இல்லாமல் விடவே கூடாது. கிண்டி, ஐஐடி சுற்றுப்பக்கம் மான் உண்டு, அங்கேயும் இதே கதைதான். முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சரி, வேலைக்கு வருவோம். நர்சரியில் எங்களுக்குப் பெரிய தொல்லை பெருச்சாளி. வேப்பம் புண்ணாக்கு மூட்டையைக் கடிக்கும், தொட்டிகளுக்கு அடியில் வளை தோண்டும். செம்பி வந்த பிறகு அது பாதியாகக் குறைந்தது. நான் தென்னை நார் மூட்டையை ஒரு பக்கம் தூக்குவேன், அவள் மறுபக்கம் அசையாமல் நிற்பாள், வெளியே வந்ததும் ஒரே கவ்வு, ஒரே உதறு. இதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொற்கள் மூன்றுதான்: “இரு”, “எடு”, “விடு”. மூன்றில் “விடு”தான் உயிர், அதை மட்டும் மாதக்கணக்கில் பழக்கினேன். இன்னொன்று, வீட்டில் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட “சூ!” என்று ஏவக் கூடாது. வேட்டை ரத்தம் உள்ள நாய்க்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுப் பூனையிலிருந்து சைக்கிள் ஓட்டும் பையன் வரை எல்லாமே இரைதான்.

எலி பிடிக்கும் நாய் என்றால் இரண்டு கட்டாயம் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வருஷா வருஷம் தடுப்பூசி, குறிப்பாக மழைக்காலத்துக்கு முன்னால். அப்புறம், அந்த இடத்தில் எலி பேஸ்ட், எலி கேக் எதுவும் இருக்கவே கூடாது. விஷம் தின்ற எலியை நாய் தின்றால் அதற்கும் ஆபத்து. சில மருந்துகள் ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை, நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருந்துவிட்டுத் திடீரென்று சுருண்டுவிடும். சந்தேகம் வந்த உடனேயே டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். நான் போவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் பொறுக்காது. ஓடிவிட்டு நாக்கு அகலமாகத் தொங்கி, நடை தள்ளாடினால் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சாதாத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் கிளம்ப வேண்டும்.

விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடுவதில்லையா என்று தெருவே கேட்கும். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் இந்த உடம்புக்கு அழகு, அதைக் கேட்டுவிட்டுக் கொழுக்க வைக்காதீர்கள். ஆனால் வெறும் தயிர்சாதத்தில் தசை வராது, முட்டை, கோழி, மீன் என்று ஏதாவது தினமும் வேண்டும். வேகவைத்த எலும்பு கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் கிடையாது. வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தோல் காகிதம் மாதிரி. பழைய தகரத்தில் உரசி ஒரு தரம் தொடையில் தையல் போட வேண்டியிருந்தது, அதற்கப்புறம் அவள் ஓடும் இடத்திலிருந்த சீமைக் கருவேல முள்ளையும் கம்பியையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினேன். உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள், சென்னையில் உண்ணிக் காய்ச்சல் நிறைய. நன்றாக இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். கிரேஹவுண்ட் மாதிரி கண்ணால் வேட்டையாடுகிற நாய்களுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் இயல்பிலேயே குறைவாக இருக்கும், முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது உண்ணிக் காய்ச்சலால் குறைந்திருக்கிறதா என்று டாக்டர் சொல்ல முடியும். கருத்தடைக்கு மயக்க ஊசி போடும்போது, வேட்டை நாய் கலப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், தயோபென்டால் மாதிரி சில மருந்துகளிலிருந்து இவை தெளிய ரொம்ப நேரம் எடுக்கும்.

மாநகராட்சி லைசென்ஸ் எடுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். ஃபிளாட்டில் இருந்தால் பால்கனிக்கு கிரில் போட்ட பிறகுதான் நாயைக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாகப் படுக்கை. உடம்பில் கொழுப்பே இல்லாததால் வெறும் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து புண்ணாகும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். கார்த்திகை மழையில் செம்பிக்குக் குளிர் தாங்காது, என் ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டி மாட்டிவிட்டால் மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு வண்டிச் சாவிச் சத்தம் கேட்கும் வரை தூங்குவாள்.