எடிட்டிங் சிஸ்டம் தடுமாறினால் எங்கே பார்ப்பது, பொது ஸ்டோரேஜை எப்படித் தேர்ந்தெடுப்பது: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரையுள்ள திருமண வீடியோ ஸ்டுடியோக்கள் பலவற்றில் இரண்டு மூன்று எடிட்டிங் சிஸ்டங்கள்தான் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டே எல்லைக்கு இருபுறமும் வேலை எடுப்பார்கள். ஆவணி முகூர்த்தமும் மலையாளச் சிங்ங மாதக் கல்யாணமும் ஒன்றாகச் சேரும் நாட்களில் பாறசாலையில் எடுத்த கேமரா கார்டுகளும் மார்த்தாண்டத்தில் எடுத்த கேமரா கார்டுகளும் ஒரே மேசையில் வந்து விழும்போது, டைம்லைன் திக்கித் திணறத் தொடங்குகிறது. உடனே புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்ற முடிவுக்குப் பலர் போய்விடுகிறார்கள். தடுமாற்றம் ப்ராசஸரிலா, டிஸ்கிலா, ஃபைலிலா, நெட்வொர்க் வயரிலா என்று அளந்து பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அப்படி அளக்கும் முறையையும், அதன்பின் எல்லா சிஸ்டங்களும் பகிர்ந்துகொள்ளும் பொது ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

முதல் படி: சிஸ்டம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்

ஒரே புராஜெக்ட்டை இரண்டு மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் டைம்லைனின் அதே இடத்தில் நின்றால், அந்த இடத்திலுள்ள கிளிப்பிலோ, எஃபெக்ட்டிலோ, எழுத்துருவிலோ குறை இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ரெண்டர் செய்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றாலோ, சிஸ்டம் தானே அணைந்து எழுந்தாலோ, வெப்பம், ரேம், பவர் சப்ளை ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதித் தேடல் குறைந்துவிடும்.

உறவினர்கள் மொபைலில் எடுத்துத் தரும் கிளிப்புகள் தனி வகை. மொபைல் ஃபோன்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் (விநாடிக்கு இத்தனை படம் என்ற எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும்படி) பதிவு செய்வதால், நேரம் போகப் போக உதட்டசைவும் ஒலியும் விலகிக்கொண்டே போகும். அவற்றை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் சேருங்கள்.

இரண்டாம் படி: டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குச் சென்று, அது கண்ணில் படும்படி டைம்லைனை ஓட்டுங்கள். ப்ராசஸரின் அளவு 100 சதவீதத்தைத் தொட்டு, டிஸ்கின் அளவு தாழ்ந்தே இருந்தால், கேமராவின் ஃபைல் வகை உங்கள் சிஸ்டத்துக்குக் கனமாக இருக்கிறது என்று பொருள். குறிப்பாக நிற விவரம் கூடுதலான 10 பிட், 4:2:2 வகையில் எச்.265 முறையில் இறுக்கிச் சுருக்கிய ஃபைல்களைப் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகள் பல நேரடியாக விரித்துக் காட்டாது; அந்தச் சுமை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழும். இதற்குப் புதிய சிஸ்டத்தைவிட ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் எடை குறைந்த நகல் ஃபைல்) உருவாக்குவதே முதல் மருந்து. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். மெமரி நிரம்பி நின்றால், 4கே வேலைக்கு 16 ஜிபி போதாமல் 32 ஜிபி தேவைப்படும் நிலை வந்துவிட்டது.

வெப்பத்தையும் இதே நேரத்தில் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் ப்ராசஸரின் வெப்பநிலையைக் காட்டும். அது 95, 100 டிகிரியை எட்டினால் பல ப்ராசஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய சிஸ்டம் மதியம் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே படிந்த தூசியை ஊதி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் நிலைமை மாறும். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் நம் பகுதியில் காற்றின் ஈரம் சாதாரணமானதல்ல. சிஸ்டத்தை அணைத்து, பவர் வயரை உருவிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினாலே காரணமின்றி வந்த ஹேங்குகள் நின்றுபோவதுண்டு.

மூன்றாம் படி: டிஸ்கின் உடல்நிலை

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை வரும். அதில் 05, சி5, சி7 ஆகிய மூன்று வரிகளை மட்டும் முதலில் பாருங்கள். முதலிரண்டு வரிகளின் ரா வேல்யூ எண்கள் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்கின் பரப்பு பழுதாகிறது. அன்றைக்கே ஃபுட்டேஜை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கில் குறையில்லை. டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். நல்ல டிஸ்கைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றும் வரி இது.

பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ் (அது தானாக உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள்) இயல்பாகவே சி டிரைவில் சேர்வதால் அந்த டிரைவ் சத்தமில்லாமல் நிரம்பிவிடும். கேஷைத் தனி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பொது ஸ்டோரேஜ் வந்த பிறகும் கேஷ் அந்தந்த சிஸ்டத்திலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: வயர்

மேலே சொன்னவை எல்லாம் சரியான பிறகே பொது ஸ்டோரேஜைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கும் முன்னால், விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் ஈதர்நெட் இணைப்பின் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000 (விநாடிக்கு மெகாபிட்) என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாக எல்லா சிஸ்டங்களும் பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டி) வைத்தாலும் விநாடிக்கு 12 எம்பிக்கு (மெகாபைட்; எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்) மேல் வராது. கிகாபிட் (1000) வேகத்துக்கு வயருக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 வேகத்துக்கு இரண்டு ஜோடியே போதும். கிரிம்ப் செய்த (பிளக்கை அழுத்திப் பொருத்திய) முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும், எலி ஒன்றைக் கடித்துவிட்டாலும், இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கிவிடக்கூடும். இணையம் தடையின்றி வருவதால் யாருக்கும் சந்தேகமே எழாது. பிராட்பேண்ட் நிறுவனம் தந்த ரவுட்டரில் சில போர்ட்டுகள் 100 வேகம் மட்டுமே உள்ளவையாக இருக்கலாம். ஆகவே சிஸ்டங்களைத் தனி கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்சில் இணைப்பதே நல்லது. எடிட்டிங்கை வைஃபையில் செய்ய வேண்டாம்.

ஐந்தாம் படி: கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே ஃபுட்டேஜ் ஒரு ஸ்ட்ரீமுக்கு (ஓடும் ஒரு கிளிப்புக்கு) விநாடிக்கு 12.5 எம்பி இழுக்கும். ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி ஆகும். நான்கு கேமராக்களை ஒன்றாக ஓட்டும் மல்ட்டிகேம் டைம்லைனுக்கு விநாடிக்கு 50 எம்பி தேவை. கிகாபிட் வயரில் நடைமுறையில் 110 எம்பி அளவுக்குத்தான் கிடைக்கும். எனவே ஒருவர் மல்ட்டிகேமும் மற்றொருவர் ஹைலைட்ஸும் செய்யும் ஸ்டுடியோவுக்குக் கிகாபிட் போதும்; மூவர் ஒரே நேரத்தில் மல்ட்டிகேம் ஓட்டினால் போதாது. அங்கே நெரிசல் நாஸ் பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் அந்த ஒற்றை வயரில்தான். அந்த ஒரு இணைப்பை மட்டும் 10 கிகாபிட்டாக்கி, மற்ற சிஸ்டங்களைக் கிகாபிட்டிலேயே விடலாம். செலவு பெரிதும் குறையும். புரோரெஸ் 422 எச்க்யூ போன்ற கனமான ஃபைல்களில் வேலை செய்தால் கணக்கு முற்றிலும் மாறும்: 4கே அளவில் ஒரே ஸ்ட்ரீமே விநாடிக்கு சுமார் 90 முதல் 110 எம்பி வரை கேட்கும்.

ஒரே எடிட்டர் உள்ள இடத்துக்கு நாஸ் தேவையே இல்லை. யுஎஸ்பி அல்லது தண்டர்போல்ட் வழியாக நேராக இணைக்கும் ஸ்டோரேஜே வேகமும் சிக்கனமும் தரும்.

டிஸ்குகளை வாங்கும்போது நாஸுக்கென்று தயாரிக்கப்பட்டவையா என்பதோடு, எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகை அல்ல, சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியே எழுதும்) வகைதான் என்பதையும் விவரக் குறிப்பில் உறுதி செய்யுங்கள். தொடர்ந்து எழுதும் வேலையில் எஸ்எம்ஆர் டிஸ்குகள் திடீரென வேகம் இழக்கும். 8 டிபி டிஸ்குகள் நான்கை, பல டிஸ்குகளை ஒன்றாக்கும் முறையான ரெய்டில், ரெய்டு 5 வகையில் சேர்த்தால் 24 டிபி இடம் கிடைக்கும்; ஒரு டிஸ்க் போனாலும் ஃபுட்டேஜ் தப்பும். ரெய்டு 0 கூடாது. அதில் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும். எந்த ரெய்டானாலும் அது பேக்கப் ஆகாது, ஏனென்றால் ஒருவர் தவறுதலாக அழித்த ஃபோல்டர் எல்லா டிஸ்கிலிருந்தும் ஒரே நொடியில் அழிந்துவிடும். மணமக்களின் தாலிகட்டும் மின்னுகெட்டும் (கேரளக் கிறிஸ்தவத் திருமணங்களில் தாலி கட்டும் சடங்கு) மறுமுறை படம்பிடிக்க முடியாதவை. ஆகவே இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியும், ஸ்டுடியோவுக்கு வெளியே வேறொரு பிரதியும் எடுத்து வைத்த பிறகே கேமரா கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

ஆறாம் படி: பொருத்திச் சோதியுங்கள்

எல்லா சிஸ்டங்களிலும் நாஸை ஒரே டிரைவ் எழுத்தில், எடுத்துக்காட்டாக இசட் என்று, இணையுங்கள். ஒருவர் சேமித்த புராஜெக்ட்டை மற்றவர் திறக்கும்போது மீடியா ஆஃப்லைன் என்ற செய்தி வராது. ஐப்பசி மாத இடி மின்னலில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் நாஸை யுபிஎஸ்ஸில் மாட்டி, இரண்டுக்கும் இடையே யுஎஸ்பி கேபிளையும் இணைத்துவிடுங்கள். பேட்டரி தீரும் முன் நாஸ் தானே முறையாக அணையும் வசதி பல மாடல்களில் உண்டு. உண்மையான ஃபுட்டேஜை ஏற்றும் முன், சோதனைக்கான சில கிளிப்புகளை மட்டும் வைத்து, டிஸ்குகளை ஓட்டத்திலேயே மாற்ற இடம் தரும் மாடலாக இருந்தால் ஒரு டிஸ்கை உருவிப் பாருங்கள். எச்சரிக்கை ஒலி வருகிறதா, கிளிப்புகள் தொடர்ந்து ஓடுகின்றனவா, டிஸ்கை மறுபடி செருகியபின் ரெய்டு மீண்டும் கட்டமைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பவற்றைக் குறித்து, அந்தக் குறிப்பை நாஸ் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.