அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் ரேலிகள்: பழைய கார் கிளப் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி

நாற்பது, ஐம்பது வருடம் கார் கிளப்பில் இருந்து, குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் போய்ச் சேரும் ரேலிகளில் ஓட்டிய ஒருவரிடம் போய் "அந்தக் காலத்து ரேலி எல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒரு காலம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். அதே ஆளின் கையில் நான்காக மடித்துக் கசங்கிப் போன ஒரு டைம் கார்டை, அதாவது வழியில் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்த அட்டையைக் கொடுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு எண்ணின் மேல் விரலை வைத்து, "இங்கதான் வழி தப்பி யாரோ ஒருத்தர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள்ள போய் நின்னோம்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் நிறுத்துவது கஷ்டம்.

அதனால் பேட்டிக்கு அவசரம் வேண்டாம், முதலில் பெட்டி. கிளப் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும். காரின் முன்னால் கட்டிய எண் தகடு, பேட்ஜ், டைம் கார்டு, வழி காட்டும் ரோடு புக், கிளப்பின் மாதச் செய்தித்தாள், போட்டோ என எல்லாம் கலந்து கிடக்கும். திறந்ததும் வருட வாரியாக அடுக்கத்தான் கை வரும். அடுக்காதீர்கள். மேலிருந்து கீழாக, கிடக்கிறபடியே ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துவிட்டு அப்புறம் தொடுங்கள், ஏனென்றால் ஒன்றாகக் கிடப்பவை பெரும்பாலும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தவை. முதல் பெட்டியை நான் அழகாக அளவு வாரியாகப் பிரித்து வைத்துவிட்டு, எந்தப் போட்டோ எந்த ரேலி என்று தெரியாமல் பல வாரம் முழித்தேன். கடைசியில் காப்பாற்றியது துரு. ஒரு டைம் கார்டின் மூலையிலும் மூன்று போட்டோக்களின் மூலையிலும் ஒரே வளைவில், ஒரே பழுப்பு நிறத்தில் கிளிப் துருவின் தடம். நான்கும் ஒரு காலத்தில் ஒரே கிளிப்பில் இருந்தவை. துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், தடத்தைச் சுரண்டாதீர்கள்.

டைம் கார்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பல ரேலிகளில் கார்களை ஒரு நிமிட இடைவெளியில்தான் அனுப்புவார்கள். எண் 23 உள்ள கார் 8.23க்குக் கிளம்பியிருந்தால் அன்றைய கணக்கு 8.00க்குத் தொடங்கியது என்று அர்த்தம், வழியில் நேரம் பதிவு செய்யும் கன்ட்ரோல்களிலும் அந்த 23 நிமிடம் கூடவே வரும். கார்டில் எண் அழிந்து போயிருந்தாலும் கிளம்பிய நேரத்தை வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். 1950களில் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் இன்னும் சுலபம், எண்ணே கிளம்பும் நேரம்தான். 1955இல் பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸின் எண் 722, அதாவது காலை 7.22. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனிஸ் ஜென்கின்சன் வழி முழுக்க எழுதிய நீளக் காகிதச் சுருளை ஒரு பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் படித்து, இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் கையாலேயே சைகை காட்டினார். கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர், 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டருக்கு என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

சரி, கார்டுக்கு வருவோம். மணிக்கு 30 மைல் சராசரி என்றால் ஒரு மைலுக்கு 2 நிமிடம். இரண்டு கன்ட்ரோல்களுக்கு நடுவே 14 நிமிடம் கொடுத்திருந்தால் தூரம் 7 மைல். கார்டில் 21 நிமிடம் பதிவாகியிருந்தால் ஏழு நிமிடம் எங்கேயோ தொலைந்திருக்கிறது. கதை இருப்பது அந்த ஏழு நிமிடத்தில்தான், அதைத்தான் கேட்க வேண்டும். நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாலும் புள்ளி போகும் ரேலிகள் உண்டு, எனவே எல்லாம் மிகச் சரியாக இருக்கும் கார்டைப் பார்த்தால், கன்ட்ரோல் கண்ணுக்குத் தெரியாத வளைவில் நிறுத்திவிட்டு எத்தனை நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். சிரிப்பார்கள்.

ரோடு புக்கில் பந்தும் அம்புமாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். பந்து நீங்கள் வந்த பக்கம், அம்பு நீங்கள் போக வேண்டிய பக்கம். துலிப் படம் என்று பெயர், 1949இல் தொடங்கிய நெதர்லாந்தின் துலிப் ரேலியிலிருந்து வந்தது. அச்சிட்டதை விட ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதுதான் முக்கியம். கறுப்பு வெள்ளைத் தாளாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பென்சில், பேனா, எண்ணெய்க் கறை எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ஸ்கேனரின் துல்லியம் 600 டிபிஐ போதும். ஸ்லைடு, நெகடிவ் என்றால் 3,000க்கு மேல் வையுங்கள்.

போட்டோவின் வருடத்தைக் கண்டுபிடிக்கும்போது ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு, நடுவில் இருக்கும் காரைப் பார்ப்பது. 1927இல் செய்த கார் 1955லும் அப்படித்தான் இருக்கும், 1985லும் அப்படித்தான் இருக்கும், பராமரிப்பே அதற்காகத்தானே! ஓரத்தைப் பாருங்கள். பின்னால் நிற்கும் சாதாரண கார், வேடிக்கை பார்ப்பவரின் பேன்ட், மூக்குக் கண்ணாடி. படத்தில் இருப்பதிலேயே புதிய பொருள் எதுவோ, அதற்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பிரிட்டன் படமாக இருந்தால் நம்பர் பிளேட்டும் உதவும்: கடைசியில் வருட எழுத்து வந்தது 1963 முதல், புதிய கார்களுக்கு ஒளி பிரதிபலிக்கும் வெள்ளை, மஞ்சள் பிளேட் கட்டாயமானது 1973இல். கோடக் நிறுவனத்தின் கலர் பிலிமான கோடக்ரோம் ஸ்லைடுகளின் சட்டகத்தில் பல நேரம் மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். ஆனால் அது கழுவிய தேதி, எடுத்த தேதி அல்ல. ரேலியில் எடுத்த பிலிம் அடுத்த பண்டிகை வரை கேமராவிலேயே தூங்கும் வீடுகள் நிறைய.

ஸ்லைடைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்வது ரொம்பச் சுலபம். பக்கவாட்டில் எடுத்த படங்களில் நம்பர் தெரியாது என்பதால் நான் ஒரு கட்டையே அப்படிச் செய்து, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தக் காரைப் பத்து வருடம் ஓட்டியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங் எப்பப்பா இந்தப் பக்கம் வந்துச்சு?" என்றார்.

இனிப் பேட்டி. ஓட்டியவரையும் நேவிகேட்டரையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகு ஒன்றாக உட்கார வையுங்கள். ஓட்டியவருக்கு வளைவும், உடைந்த பாகமும், அதை எதை வைத்துக் கட்டினோம் என்பதும் ஞாபகம் இருக்கும். நேவிகேட்டருக்கு நேரமும், தப்பு யார் மேல் என்பதும் ஞாபகம் இருக்கும். "சீட்டுக்கு அடியில் என்னென்ன வைத்திருந்தீர்கள்?", "மேப் படிக்க விளக்கு எங்கே இருந்தது?" மாதிரிக் கையால் தொடக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். காரே இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள்: ராத்திரி முழுக்க மழையில் ஸ்டாப்வாட்சோடு நின்ற மார்ஷல், விடியற்காலையில் முடிவுகளை டைப் அடித்தவர். எந்த முடிவுப் பட்டியலிலும் இவர்கள் பெயர் வராது, ஆனால் எல்லாக் கார்களையும் பார்த்தவர்கள் இவர்கள்தான். பதிவு செய்யும் போனை ஒரு துணியின் மேல் வையுங்கள், மேசையில் விரல் தட்டும் சத்தம் பேச்சை விழுங்கிவிடும்.

அவர்கள் சொல்லும் வருடங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1957இல் சூயஸ் நெருக்கடியால் வந்த பெட்ரோல் தட்டுப்பாட்டாலும் 1974இல் எண்ணெய் நெருக்கடியாலும் மொனாக்கோவின் மான்டே கார்லோ ரேலி நடக்கவே இல்லை. பிரிட்டனில் மிகப் பழைய கார்களின் லண்டன்–பிரைட்டன் ஓட்டம் 1947இல் பெட்ரோல் ரேஷனால் நின்றது. அந்த வருடம் நேரில் போனேன் என்று ஒருவர் அடித்துச் சொன்னால் சண்டை போட வேண்டாம், முன்வருடமோ பின்வருடமோ இருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் குறிப்பையும் வையுங்கள். 1966 மான்டே கார்லோவில் முதல் மூன்று இடத்தில் வந்த மினிகளை ஹெட்லைட் விதியைக் காட்டி நீக்கிவிட்டு, வெற்றியை ஒரு சிட்ரோயனுக்குக் கொடுத்தார்களே, அந்த ராத்திரி அங்கேயே இருந்ததாகச் சொல்பவர்கள் அதிகம். இருந்திருக்கலாம், அல்லது பேப்பரில் படித்துக் கோபப்பட்டது நாளாக நாளாக நேரில் பார்த்ததாக மாறியிருக்கலாம். சொற்களிலும் கவனம் வேண்டும். இன்று விண்டேஜ் என்றால் பெரும்பாலும் 1919 முதல் 1930 வரையிலான கார், கூடவே பெரும் பணமும் நினைவுக்கு வரும். பிரிட்டனில் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934இல் தொடங்கியபோது நோக்கமே வேறு: அவ்வளவு வசதி இல்லாதவர்கள், ஐந்து வருடமாவது பழையதான காரை வைத்துக்கொண்டு ஓட்டி மகிழ வேண்டும் என்பதுதான். ஒரு பெரியவர் "அப்ப அது பழைய கார் இல்லப்பா, எனக்குக் கட்டுப்படியான கார்" என்று சொன்னால் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அடையாளம் தெரியாத படங்களைப் பிரின்ட் போட்டு, பின்னால் மென்மையான பென்சிலால் ஒரு எண் மட்டும் எழுதி, தெரிந்த கிளப் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள். உங்கள் போன் நம்பரையும் கட்டின் மேல் எழுதுங்கள். என்னிடம் 14ஆம் எண் படம் ஒன்று இருந்தது, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருக்கும் ஒருவரின் முதுகு மட்டும். ஏழு மாதம் கழித்து, ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மாள் கூப்பிட்டார். "அந்த ஸ்வெட்டர் நான் பின்னினது" என்றார்.