வீட்டுக் கடனில் தவணை தவறினால்: நோட்டீஸ் முதல் ஏலம் வரை

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற ஊர்களில் விசைப்படகு வருமானத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடன் வாராக்கடன் ஆகும். மார்ச் 5-ஆம் தேதித் தவணையும் அதன் பின் வருபவையும் தவறினால், படகு மீண்டும் கடலுக்குப் போகும் முன்பே, ஜூன் முதல் வாரத்தில் அந்த எல்லை வந்துவிடும்.

முதல் படி, 90 நாட்கள் நிறைவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் தவணை மாற்றியமைப்பு கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் முத்திரை பெற்றுக்கொள்வது. வாராக்கடன் ஆனபின் ஒன்றிரண்டு தவணை கட்டினால் கணக்கு சீராகாது. நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும். அதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுவது கடனைக் குறைக்காது, கடன்காரரைத்தான் மாற்றும்.

இரண்டாம் படிதான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். அடமானச் சொத்தை நீதிமன்ற வழக்கின்றி வங்கியே விற்றுக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவின்படி வங்கி அனுப்பும் நோட்டீஸ், முழுத் தொகையையும் செலுத்த 60 நாட்கள் தருகிறது. அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதால் பயனில்லை. வாங்க மறுத்தாலும் வீட்டுக் கதவில் ஒட்டி, நோட்டீஸ் சேர்ந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கீழக்கரையில் வீடும் வளைகுடாவில் வேலையுமாக இருப்பவர்கள், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகார ஆவணத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) ஊரில் உள்ள ஒருவருக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பது நல்லது.

அந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்ப வேண்டும். கட்டிய தவணை ஏதேனும் வரவு வைக்கப்படவில்லையா, வட்டிக் கணக்கு சரியா, தாமதத்துக்கான அபராதம் வட்டி விகிதத்தோடு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைத் தேதியும் தொகையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அபராதத்தை அப்படி வட்டியாக வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2024 முதல் அனுமதிப்பதில்லை. மீதியுள்ள பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலோ, அடமானம் வைத்தது விவசாய நிலமாக இருந்தாலோ இந்தச் சட்டம் பொருந்தாது. பட்டாவில் புன்செய் என்று இருந்தால் மட்டும் போதாது, அங்கு உண்மையில் விவசாயம் நடப்பதைக் காட்ட வேண்டும். வங்கி 15 நாட்களுக்குள் காரணங்களுடன் பதில் தரக் கடமைப்பட்டது. அந்தப் பதிலை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்றாலும், பின்னர் நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது இந்தக் கடிதமே முதல் ஆவணம்.

அடுத்தது, வீட்டை வங்கி தன் உடைமையில் எடுத்துக்கொண்டதாக அறிவிக்கும் உடைமை நோட்டீஸ். கதவில் ஒட்டப்பட்டு, ஒரு தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு நாளிதழ்களில் வெளியாகும். பெரும்பாலும் அது காகித அளவிலான உடைமைதான், குடும்பம் வீட்டிலேயே இருக்கும். ஆனால் 45 நாள் கெடு ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் மனு செய்ய வேண்டும். ராமநாதபுரம் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. 34-ஆம் பிரிவு அவ்வழியை அடைத்திருப்பதால் நாள்தான் வீணாகும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

குடும்பம் வெளியேற மறுத்தால், மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் உத்தரவைப் பெற்றே வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். வசூல் முகவர்கள் ஆள்பலத்தோடு வந்து பூட்டுப் போட அதிகாரமில்லை. காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கவும் கூடாது.

முதல் ஏலத்துக்குக் குறைந்தது 30 நாள் அறிவிப்பு தேவை. ஏல நாள் வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பின் அவ்வுரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். உச்ச நீதிமன்றம் 2023-இல் இதை உறுதி செய்துள்ளது. ஆகவே வீட்டை விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும் என்றால், அறிவிப்புக்கு முன்பே வங்கியின் எழுத்துச் சம்மதத்துடன் நீங்களே ஆள் பார்த்து விற்பது பெரும்பாலும் நல்ல விலை தரும். ஏலத்தில் விற்றால், பாக்கியும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. கணக்கு விவரத்தோடு அதை எழுதிக் கேளுங்கள். தொகை போதாவிட்டால் குறையும் உங்கள் பெயரிலேயே நிற்கும்.