புரோமிலியாட் வளர்ப்பு: தண்ணீர் வேருக்கு அல்ல, நடுக்குழிக்கு

நர்சரியில் செக்கச்செவேல் என்று நிற்கும் குஸ்மேனியா என்ற புரோமிலியாட் செடியைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவது கடினம். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை அழுகவிட்டு விடுவார்கள். என் முதல் செடியும் அப்படித்தான் போனது. செம்பருத்திக்கு ஊற்றுவதுபோல் தினமும் காலையில் தொட்டி நிரம்ப ஊற்றிவந்தேன். ஒருநாள் நடு இலையைத் தொட்டதும் உருவிக்கொண்டு கையோடு வந்தது, நாற்றத்துடன்.

புரோமிலியாட் குடும்பத்துச் செடிகள் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நாம் வீட்டில் வளர்க்கும் வகைகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. வேரின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. குடிக்கிற வேலையை இலைகள் பார்த்துக்கொள்கின்றன. இலைகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று தழுவி நடுவில் ஒரு குழியாகிறது. அதில் தேங்கும் மழைநீரை இலைமேல் உள்ள நுண்ணிய செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். (அன்னாசியும் இதே குடும்பம்தான், ஆனால் அது மண்ணில் வேரூன்றிக் குடிக்கிற செடி. அதற்கு இங்கே சொல்வது பொருந்தாது.)

முதல் வேலை: தொட்டியை மாற்றுவது

நர்சரிக்காரர் செம்மண்ணில் வைத்துக் கொடுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். 4 அல்லது 5 அங்குலத் தொட்டி போதும். மண்தொட்டி நல்லது, மேல்பாரம் மிகுந்த இந்தச் செடி பிளாஸ்டிக் தொட்டியில் கவிழ்ந்துவிடும். நிரப்புவதற்கு தேங்காய் மட்டைத் துண்டுகளும் அடுப்புக்கரித் துண்டுகளும் கலந்தால் போதுமானது. மட்டைத் துண்டுகளை முதல் நாளே ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி உப்பைப் போக்குங்கள். தேங்காய் நார்த்தூளை மட்டும் போட்டால் ஈரம் வடியாது. வேர் மறைந்தால் போதும். இலையின் அடிவரை புதைத்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும்.

அடுத்து: இடம்

கிழக்குப் பார்த்த ஜன்னல் குஸ்மேனியாவுக்கு உகந்தது. நியோரெகிலியா என்ற இன்னொரு புரோமிலியாட் வகைக்கு இன்னும் வெளிச்சம் வேண்டும். இருட்டில் வைத்தால் அதன் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும். அதற்காக அக்னி நட்சத்திர வெயிலில் வைத்துவிடாதீர்கள், இலை வெந்து வெளிறும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். இலைநுனி காய்ந்துகொண்டே வரும்.

இப்போது தண்ணீர்

எந்தத் தண்ணீர் என்பதில்தான் பலரும் தவறுகிறோம். மழைநீர் முதல் தரம். மழையில்லாத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். சென்னை போர்வெல் தண்ணீரை நான் ஊற்றிப் பார்த்தேன். இலைமேல் வெள்ளைத் திட்டுகள் படிந்தன. அந்த உப்பு, குடிக்கிற செதில்களை அடைத்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சிக்கனம் கருதிச் செடிகளுக்கு ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இந்தச் செடிக்கு அது ஆகவே ஆகாது. போர்வெல்லில் இருந்த உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் வேண்டாம். புரோமிலியாடுக்குச் செம்பு நஞ்சு.

நடுக்குழியில் கால் பங்கு தண்ணீர் நிற்கட்டும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தொட்டியோடு சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு வேகமாகப் புதுத் தண்ணீரை ஊற்றி அலசி, மறுபடி சாய்த்து, கால் பங்கு மட்டும் விடுங்கள். தொட்டிக் கலவையில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் அங்கே கொஞ்சம் ஊற்றலாம். மார்கழிக் குளிரில், வெளிச்சம் குறைந்த அறையில், இதையும் குறைக்க வேண்டும்.

அலசச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தக் குழி அருமையான தொட்டில். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம்கூடப் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் உயிரோடு காத்திருக்கும். அதனால் வெறுமனே கொட்டினால் போதாது, வேகமாக அலச வேண்டும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடுவது செடியைக் கொல்வதற்குச் சமம். ஊருக்குப் போகிறீர்களா? குழியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் செடி தாங்கும்.

உரம்? மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் அளவு, தொட்டிக் கலவையில் மட்டும். குழியில் ஊற்றினால் பாசி பிடிக்கும்.

பூத்த பிறகு

அந்தச் சிவப்பு பூவல்ல, பூவைத் தாங்கும் இலைகள். உண்மையான பூ அதனிடையே சிறிதாக வந்து போய்விடும்; சிவப்பு மாதக்கணக்கில் நிற்கும். பிறகு தாய்ச்செடி மெல்ல மங்கும். பதற வேண்டாம். வாழை ஒருமுறை குலை தள்ளிவிட்டு ஓய்வதில்லையா, அதுபோல்தான். அடியில் பக்கக் கன்றுகள் வரும். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்காவது உயரும்வரை பொறுத்திருங்கள். சுத்தமான கத்தியால் அடியோடு வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, தனித்தொட்டியில் வையுங்கள். வேர்பிடிக்கும்வரை ஒரு குச்சி முட்டுக்கொடுக்கலாம்.

கன்று பூக்க ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். முழுதாக வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடித்தால் ஒரு வழி உண்டு. கனியும் பழம் விடுகிற எத்திலீன் வாயு இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பூக்கவைக்கும். அன்னாசி விவசாயிகள் எத்திலீனை வெளிவிடும் எத்ரல் மருந்து கொடுப்பதும் இதற்காகத்தான். குழித்தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்கு பழுத்த ஓர் ஆப்பிளோடு செடியைப் பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூந்தண்டு தலைகாட்டும். பையை நிழலில்தான் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் செடி, ஆப்பிள் இரண்டும் உள்ளேயே வெந்துவிடும்.