கிளட்ச் பிளேட்டில் ஒரு சுவர்க்கடிகாரம்

கார் பைத்தியத்துக்குப் பரிசு கொடுக்க, கார் படம் ஒட்டிய பிளாஸ்டிக் கடிகாரத்தை வாங்காதீர்கள். பெங்களூரில் இருந்தால் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு பக்கம் ஒரு நடை போய், தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் (இன்ஜினையும் கியரையும் இணைக்கும் வட்டத் தகடு) ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நான் என் மைத்துனனுக்கு அதில்தான் செய்து கொடுத்தேன். பிரேக் டிஸ்க்கும் அழகுதான், ஆனால் கனம் அதிகம். வாடகை வீட்டுச் சுவரில் அதற்குத் துளை போட்டால் ஓனர் சும்மா விடமாட்டார்!

பிளேட்டை மண்ணெண்ணெயில் துடைத்தால் போதும். பழைய பிளேட்டின் லைனிங்கில், அதாவது மேலே உள்ள உராய்வுப் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

நடு ஓட்டை பெரிதாக இருக்கும். மெல்லிய அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி மூடி, அதன் நடுவில் துளை போட்டு குவார்ட்ஸ் மெஷினை (பேட்டரியில் ஓடும் கடிகார இயந்திரம்) மாட்டுங்கள். மெஷின் வாங்கும்போது முள் மாட்டும் தண்டின் நீளத்தைப் பாருங்கள்; குட்டையாக இருந்தால் நட்டு பிடிக்காது. நான் ஆசைப்பட்டு நீளமான இரும்பு முள் வைத்தேன். பெரிய முள் ஒன்பதுக்கு வந்ததும் மேலே ஏற முடியாமல் அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது. அலுமினிய முள் மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், பழைய கார் டாஷ்போர்டு கடிகாரம் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். அதே வோல்ட் டிசி அடாப்டரில் ஓடும்.